பயறளவு இடம்

அரை மணி நேரம் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, காப்பி வாங்கித் தரக் கூடாது, கால் மேல் கால் போட விடக் கூடாது, சும்மா உட்கார வையுங்கம்மா, அப்புறம் மறுபடி பிரஷர் பார்த்துட்டு மருந்தைக் கூட்டி எழுதறேன் என்று டாக்டரம்மா வெளியே அனுப்பிவிட்டார். சொர்ணத்துக்கு அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருப்பதே பெரும்பாடு. அதுவும் இன்றைக்கு, வயிற்றுக்குள் இரண்டு பொய்யை வைத்துக்கொண்டு. பக்கத்து நாற்காலியில் பால்பாண்டி, முப்பத்தாறு வருஷமாக அவளுக்குப் புருஷன், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் உப்பைக் குறைப்பீர் என்று ஒரு அட்டை, ஓரத்தில் அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. ஏன், விருதுநகர்க்காரன் திங்கிற எல்லாத்துக்கும் கோடு போட்டுட்டீங்களே, எண்ணெய் பரோட்டாவை மட்டும் எதுக்கு விட்டு வெச்சீங்க என்று நினைத்தாள். அவர் நெற்றியில் பிளாஸ்திரி. போன வெள்ளிக்கிழமை மொபெட்டோடு வேகத்தடையில் விழுந்து நாலு தையல். எதுக்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துருவோம் என்றார்கள். எடுத்தார்கள். அடி ஒன்றும் பெரிசில்லை, ரத்தக்கசிவு கிடையாது, அப்பாடா என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போதே, ஆனா உள்ள வேற ஒண்ணு தெரியுது, நரம்பு டாக்டரைப் பாருங்க என்று இங்கே தள்ளிவிட்டார்கள். விழுந்த அடிக்குப் படம் எடுத்தால் விழாத அடி தெரிகிறது, என்ன கூத்து இது.

விழாத அடிதான். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டி பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இந்தா பாருங்கம்மா, இங்க ஒரு பொட்டு, இங்க ஒரு பொட்டு. மூளைக்குள்ள போற பொடி ரத்தக்குழாய் அடைச்சு அந்த இடம் பயறளவுக்குக் காய்ஞ்சு போயிருக்கு. இதுவும் பக்கவாதம்தான். கை கால் விழல, வாய் கோணல, வலிக்கல, அதனால யாருக்கும் தெரியல, சத்தமில்லாம வந்துட்டுப் போயிருக்கு. எப்ப வந்துச்சு டாக்டரம்மா என்று கேட்டது சொர்ணம்தான். தழும்பு பழசும்மா, ரெண்டு வருஷமா மூணு வருஷமான்னு படத்தைப் பார்த்து நாள் சொல்ல முடியாது என்றுவிட்டார். அதுதான் சொர்ணத்துக்குத் தாங்கவில்லை. அதெப்படித் தெரியாமப் போகும்? இந்த மனுஷனுக்குத் தும்மல் வரப்போகுதென்றால் அவருக்கு முந்தி அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்து இன்றைக்கு எந்த டிரைவரோடு சண்டை போட்டார் என்று சொல்லிவிடுவாள். பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள், பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறாள், அவர் தலைக்குள் ஒரு இடம் காய்ந்துபோயிருக்கிறது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, அவள் பாட்டுக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். என்ன பொண்டாட்டி நீ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். ஏதோ ஒரு நாள் இருக்கணும்ல. ஒரு கிழமை, ஒரு நேரம். அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தாள்.

சாத்தூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது சட்டைப் பொத்தானை ஒண்ணு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாரே, அதுவோ? ஆனால் அன்றைக்கு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க அவளே பாவாடையைத் திருப்பிக் கட்டியிருந்தாள், பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தாள், அப்படிப் பார்த்தால் அவள் தலைக்குள்ளும் பயறு காய்ந்திருக்கணும். மகள் அனுசுயாவை ஃபோனில் தன் தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரே? அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறார். மூக்குக்கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடு பூராவும் தேடினது? அதைச் சேர்த்தால் தெருவில் ஒருத்தர் மிஞ்சமாட்டார்கள். ஒரு மத்தியானம் கேட்டைத் திறந்து வாசலில் நின்றவர் எதுக்கு வெளியே வந்தோம் என்று தெரியாமல் நின்றாரே, ரொம்ப நேரம், வெயிலில், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, என்னங்க என்று கூப்பிட்டதும் ஒண்ணுமில்ல, கேஸ் வண்டி வருதான்னு பார்த்தேன் என்று உள்ளே வந்தார். கேஸ் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. அதுவாக இருக்குமோ? அன்றைக்கு அவள் என்ன செய்தாள்? ஒண்ணும் செய்யவில்லை. வெயில்ல நிக்காதீங்க என்றாள். மோர் கொடுத்தாள், உப்புத் தூக்கலாகப் போட்டு, அவருக்குப் பிடிக்குமே என்று. ஐயோ, உப்பு. சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தாள், கண்ணை எடுத்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், இடது காது மடலில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் அவசரமாகக் குளித்துவிட்டு வந்திருக்கிறார், பச்சைப்பிள்ளை மாதிரி. முந்தானையால் துடைத்துவிடலாமா என்று கை போனது. பேசத்தானே கூடாதென்றார், தொடக் கூடாதென்றா சொன்னார்? தொட்டால் பிரஷர் ஏறுமோ என்னவோ, யார் கண்டது, கையை இழுத்துக்கொண்டாள்.

இல்லை, அந்த நாள் எதுவென்று அவளுக்குத் தெரியும். வந்து உட்கார்ந்ததிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் சாத்தூருக்கும் கேட்டுக்கும் சுற்றிவிட்டு வருகிறாள், போகப் பிடிக்காத வீட்டுக்கு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. ஆவணி மாசம், ஞாயிற்றுக்கிழமை, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. இரண்டரை வருஷம் ஆகிறது. குழம்பை இறக்கி, அவருக்கு ஊற்றி, அவர் பிசைந்து நாலு வாய் தின்ற பிறகு அடுப்பு மேடையைப் பார்க்கிறாள், அளந்து எடுத்து வைத்த உப்பு கிண்ணத்தில் அப்படியே இருக்கிறது. அவ்வளவுதான், செத்தோம் என்று நினைத்தாள். ஏனென்றால் பால்பாண்டி யார்? அவர் ஒரு சத்தம் போட்டால் கிளம்பின மதுரை வண்டி கேட் தாண்டி நின்று பின்னால் வரும். கை நீட்டியதில்லை, ஒரு நாளும் கிடையாது, பொய் சொல்லக் கூடாது. வாய்தான். குழம்பில் உப்புக் கூடினால் தெருக்கோடி வீட்டுக்குத் தெரியும், குறைந்தால் அடுத்த தெருவுக்கும் தெரியும். அனுசுயாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், காப்பி ஆறிப்போச்சு என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், மாப்பிள்ளைப் பையன் எழுந்து நின்றுவிட்டான், தன்னைத்தான் சொல்கிறார் என்று. அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு உப்பில்லாத குழம்பைக் கடைசிவரைக்கும் தின்று, மோருக்கும் கை நீட்டி, எழுந்திருக்கும்போது நல்லாருக்கு என்றார். நல்லாருக்கு! சொர்ணம் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். ஆத்தா, கேட்டுட்டியே என்று அழுதாள். அதற்கப்புறம் அவர் கத்தவே இல்லை. அன்றைக்குத்தானா அது? அவர் நாலாவது வாய் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதா உள்ளே ஒரு பயறு காய்ந்தது? அவள் சந்தோஷப்பட்டு அழுதது அதற்குத்தானா?

கோயிலில் ஆத்தாவிடம் கேட்டது அந்த ஆவணிக்கு முந்தின பங்குனிப் பொங்கலில்தான். இவருடைய கோபம் குறையணும் தாயே, வாயை அடக்கிக் கொடு, அடுத்த பங்குனிக்கு உருவம் வாங்கிப் போடுறேன் என்று நேர்ந்துகொண்டாள். வேண்டினது நடந்துவிட்டது. சொன்ன சொல்லுக்கு மறுவருஷம் கோயில் வாசலில் உருவம் விற்கிறவளிடம் போய் நின்றால், அப்போதுதான் உறைக்கிறது, கோபத்துக்கு எந்த உறுப்பை வாங்குவது? கண் நோவுக்குக் கண் இருக்கிறது, கால் நோவுக்குக் கால் இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, வீடுகூட இருக்கிறது. வாய் இருக்கா என்று கேட்டாள். வாய்க்குத் தனியா வர்றதில்லக்கா, கோபம்னா தலைக்குத்தானே ஏறுது, தலையா வாங்கிப் போட்டுருங்க என்றாள் அவள். சரிதான் என்று பட்டது. வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு ஆம்பிளைத் தலை, மீசையெல்லாம் வைத்து, அச்சு அசலாக இவர் ஜாடைக்கே ஒன்றைப் பொறுக்கி எடுத்து உண்டியலில் போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். இப்போது நினைத்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. தலையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கோ எடுத்துக்கோ என்றால் ஆத்தா எதை எடுப்பாள்? கையை உள்ளே விட்டு, ஒரு பயறு, ரெண்டு பயறு என்று கிள்ளி எடுத்துவிட்டாளோ? சீ, என்ன நினைப்பு இது, பெற்ற தாயைப் பற்றி இப்படி நினைப்பாங்களா. ஆத்தா அப்படிச் செய்யமாட்டாள். ஆத்தா செய்யவில்லை என்றால் யார் செய்தது? அங்கேதான் வந்து முட்டுகிறது. சொர்ணம் செய்தாள். ஆத்தாவுக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு வந்த மறுநாள் காலையில், இட்லிக்கு அப்புறம் கொடுக்கிற மாத்திரையை அவள் கொடுக்கவில்லை.

என்ன தப்பு இதில், யார்தான் அப்படி நினைக்கவில்லை? கோபக்காரனுக்குத்தான் பிரஷர் வரும், பிரஷர் வந்தால்தான் கோபம் வரும், இது ஊருக்கே தெரிந்த விஷயம். எட்டு வருஷத்துக்கு முந்தி பஸ் ஸ்டாண்டில் நடந்த முகாமில் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து நூற்றெழுபது என்றபோது, அதானே பார்த்தேன், இந்தக் கத்துக் கத்தினா ஏறாம என்ன செய்யும் என்று அவளே சொன்னாள், பட்டையைக் கட்டின பிள்ளையும் சிரித்தது. அதிலிருந்து தினம் ஒரு மாத்திரை. அவர் முனகிக்கொண்டேதான் போடுவார், தலைவலியா, கிறுகிறுப்பா, நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடி இந்த மாத்திரை. வாரத்தில் இரண்டு நாள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் துப்பியும்விடுவார். போடுகிற காலத்திலேயே அந்த லட்சணம். அப்புறம் கோபம் போனது. கோபம் போன பிறகு பிரஷர் எங்கே இருக்கும்? நோய் போன உடம்புக்கு மருந்து கொடுத்தால் மனுஷன் ஒரேயடியாகத் துவண்டுபோவாரே என்றுதான், நல்லதுக்குத்தான், இனிமே வேணாங்க, உங்களுக்குச் சரியாயிடுச்சு என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்படியா, சரி என்றார். அந்தச் சரியில்கூட அவளுக்கு ஒரு பூரிப்பு. முப்பத்து நாலு வருஷத்தில் அவள் சொன்னதற்கு இவர் சரி என்ற நாள் விரல்விட்டு எண்ணலாம். போன வெள்ளிக்கிழமை தையல் போட்ட ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், நூற்றெண்பத்து ரெண்டு. இவ்வளவு சாந்தமான ஆளுக்கா என்று அவள் மெஷினைத்தான் சந்தேகப்பட்டாள். இன்றைக்கு டாக்டரம்மா வேறு மெஷினில் பார்த்தார், அதே நூற்றெண்பத்து ரெண்டு. மாத்திரை தினமும் போடுறாரா என்று கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் சொர்ணம் முந்திக்கொண்டாள், போடுறாரும்மா, தினமும். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி படத்தின் பக்கமே திரும்பிக்கொண்டார். குணத்துல ஏதாவது மாற்றம் தெரியுதா, மந்தமா, ரொம்ப அமைதியா ஆயிட்டாரா என்று டாக்டரம்மா கேட்டது அடுத்தது. ஒண்ணுமில்லையே, எப்பவும் போலத்தான் இருக்காரு என்றாள். அது இரண்டாவது பொய்.

முதல் பொய் பயத்தில் சொன்னது. நீதானா நிறுத்தினே என்று கேட்டால் என்ன சொல்ல. இரண்டாவது பொய்தான் கொல்கிறது. அதைச் சொல்லும்போது அவளுக்குப் பயமில்லை, ஆசை. அந்த இரண்டரை வருஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ஆசை. நாலு வழிச் சாலையைக் கடக்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார், பிடித்த கை, கடந்த பிறகும் கொஞ்ச தூரம் வருகிறது. மாதுளம்பழத்தை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டு டிவி முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாத மனுஷன் அவள் முட்டி வலிக்கு வெந்நீர் போடக் கற்றுக்கொண்டார், முதல் நாள் பால் சட்டியில் போட்டார், இருந்தாலும் போட்டார். நீ சாப்பிட்டியா என்று கேட்கிறார். முப்பத்து மூணு வருஷம் கேட்காத கேள்வி. முதல் தடவை கேட்டபோது, யாரைக் கேட்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். சொந்தக்காரிகளிடமெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டாள், எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் தங்கம் என்று. அந்தத் தங்கம் அவரா, அந்தப் பயறா? மாதுளம்பழம் உரித்தது யார்? ஆமாம் டாக்டரம்மா, ரொம்ப அமைதியாயிட்டாரு என்று சொல்லிவிட்டால், அவர் பேனாவை எடுத்து அதையும் நோய் கணக்கில் எழுதிவிடுவார். அப்புறம் அந்த முழங்கை என்னாவது? இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் தன்னைப் பிரியமாகப் பார்த்தான் என்று நினைத்திருந்தது, ரத்தக்குழாய் அடைத்ததால் வந்தது என்று ஆகிவிடுமே. இப்படி ஒரு கேவலம் உண்டா? மாத்திரை போட்டுச் சரியானால் பழையபடி கத்துவாரா? கத்தினால் அந்தக் கத்துகிறவர்தான் நிஜமா? அப்படியென்றால் இந்த இரண்டரை வருஷம் அவள் யாரோடு குடித்தனம் செய்தாள்?

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. பால்பாண்டி லேசாக இருமினார். பேசாதீங்க என்று அவள் உதட்டில் விரலை வைத்தாள், இருமலுக்கு என்ன செய்வார் பாவம். மருந்தைக் கூட்டி எழுதறேன். அந்த வார்த்தை இப்போதுதான் மறுபடி வந்து இடித்தது. ஒண்ணு தினமும் போட்டும் நூத்தியெண்பத்து ரெண்டுன்னா ரெண்டு மருந்தா ஏத்தணும் என்றல்லவா சொன்னார். ஒண்ணுமே போடாத உடம்பில் இரண்டை ஏற்றினால்? பெரிய மதினிக்கு அப்படித்தான் ஆனது, விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்ததை டாக்டரிடம் மறைத்து, அவர் கூட்டிக் கொடுத்து, பிரஷர் ஒரேயடியாக இறங்கிக் குளியலறையில் விழுந்து இடுப்பு போனது. இப்படியே மூடிக்கொண்டிருந்தாலும் கண்டம், இனி மாத்திரை வேண்டாமென்று இருந்தாலும் கண்டம். டாக்டரம்மா விரலை மடக்கிச் சொன்னாரே, இந்தப் பொட்டு ஒரு எச்சரிக்கைம்மா, அடுத்தது பெருசா வந்தா கை கால் விழும், பேச்சுப் போகும், ஆனா பிரஷரைப் பிடிச்சு வெச்சா நிறையத் தடுத்துடலாம், உப்பைக் குறைக்கணும், நடக்கணும், மாத்திரையை ஒரு நாள் விடக் கூடாது. பேச்சுப் போகும். மதுரை வண்டியை நிறுத்தின பேச்சு. வாயை அடக்கிக் கொடு என்று கேட்ட பாவி அவள்தான். அது நிஜமாகவே அடங்கிப்போய், வாய் ஒரு பக்கம் கோணி, தண்ணி வேணும்னு கேட்கக்கூட முடியாமல் இந்த மனுஷன் கட்டிலில் கிடந்தால், அப்போது மாதுளம்பழம் யார் உரித்தால் என்ன, நிஜம் எது என்றால் என்ன? வேண்டாம். கத்தட்டும். நோய் என்றால் நோய் என்றே எழுதிக்கொள்ளட்டும், பிரியமெல்லாம் பொய் என்றே ஆகட்டும், அவள் பார்த்துக்கொள்கிறாள். தெரு கேட்கக் கத்திக்கொண்டு இவர் பக்கத்தில் இருந்தால் போதும். கண் நிறைந்துவிட்டது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"பால்பாண்டி ஐயா, உள்ள வாங்க" என்று சிஸ்டர் கூப்பிட்டது.

டாக்டரம்மா பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றப் போனார். "கொஞ்சம் பொறுங்க டாக்டரம்மா" என்றாள் சொர்ணம். "நான் ரெண்டு பொய் சொல்லிட்டேன். மாத்திரை இவரு போடல. ரெண்டு வருஷமாப் போடல. நான்தான் நிறுத்தினேன். கோபம் போயிடுச்சு, பிரஷரும் போயிருக்கும்னு நினைச்சுட்டேன்." டாக்டரம்மா பட்டையை மேஜையில் வைத்தார். திட்டவில்லை. "நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க, நான் ரெண்டு மருந்து எழுத இருந்தேன். கோபம் வேற, பிரஷர் வேறம்மா. எறும்புக்குக்கூட வழி விடுற ஆளுக்கும் நூத்தியெண்பது இருக்கும். அளந்து பார்த்தாத்தான் தெரியும், மூஞ்சியப் பார்த்துத் தெரியாது. இன்னொரு பொய் என்ன?" சொர்ணம் புருஷன் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "குணம் மாறியிருக்கான்னு கேட்டீங்க. மாறியிருக்காரு. இவரு பெரிய கோபக்காரரு. ரெண்டரை வருஷமா ஒரு சத்தம் கிடையாது. அப்படியே அடங்கிட்டாரு. நான் நல்லதுன்னு நினைச்சேன். அது... அந்தத் தழும்பாலயா?" டாக்டரம்மா படத்தை ஒரு தடவை பார்த்தார். "இருக்கலாம்மா. சில பேரு அந்த இடத்துல தழும்பு விழுந்தா இப்படி அமைதியாயிடுவாங்க, எதுலயும் ஒட்டாம. இல்லாமலும் இருக்கலாம், உறுதியா..."

"என்ன பேச்சு பேசுறீங்க!"

மேஜை மேலிருந்த பேனா உருண்டது. கதவு திறந்து சிஸ்டர் தலையை நீட்டியது, அதற்குப் பின்னால் வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். பால்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். "தழும்பாம்ல தழும்பு! இங்க ஒருத்தன் ரெண்டரை வருஷமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன், பேரைத் தூக்கித் தழும்புக்குக் கொடுக்கிறீங்க! படத்துல அது தெரியுதா? நாக்கைப் பாருங்க, கடிச்சுக் கடிச்சு ரெண்டு பக்கமும் புண்ணு! கத்துறது என்ன, யார் வேணா கத்தலாம், வர்ற கத்தலை உள்ள தள்ளிப் பாருங்க, அப்பத் தெரியும்!" டாக்டரம்மா எழுந்து அவர் தோளைத் தொட்டு, "உட்காருங்கய்யா, உட்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது. சத்தம் பாதியாக இறங்கியது. "ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட உட்காரப் போறேன். நான் வாயே திறக்கல டாக்டர். நாற்காலியை இழுத்தேன். அந்தச் சத்தத்துக்கு இவ கை நடுங்குச்சு. கரண்டி தட்டுல பட்டு டக்கு டக்குனு அடிக்குது. இவளுக்கு அது தெரியவே இல்ல, அவ பாட்டுக்குப் பரிமாறுறா. நாற்காலி சத்தத்துக்கே பொண்டாட்டி கை நடுங்குதுன்னா நான் என்ன மனுஷன்? அன்னியோட கத்துறதை விட்டேன்." டாக்டரம்மா உருண்டுபோன பேனாவை எடுத்து வைத்தார். "மாத்திரையை இவங்க நிறுத்தினது உங்களுக்குத் தெரியும்ல, நீங்களாவது கேட்டிருக்கலாமே?" என்றார். "உங்களுக்குச் சரியாயிடுச்சுன்னு வந்து சொன்னா. சொல்லும்போது அவ மூஞ்சி அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. இல்லேன்னு எப்படிச் சொல்ல?" என்றார் பால்பாண்டி.

யம்மாடி, எங்கே இருந்தது இந்தக் குரல்? சொர்ணத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. போகவில்லை. ஒரு இடமும் போகவில்லை, அத்தனையும் முழுசாக உள்ளேயே இருந்திருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேளையும் தொண்டைவரைக்கும் வந்து, அங்கேயே நிற்கவைத்து இவர் விழுங்கியிருக்கிறார். அவள் குழம்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்ததில் அதைப் பார்க்கவில்லை. பயறுமில்லை, ஆத்தாவுமில்லை, இந்த மனுஷன்தான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, டாக்டரம்மா முன்னால் எதைச் செய்வதென்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள். டாக்டரம்மா பட்டையைச் சுருட்டி வைத்தார். "நான் தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கோங்கய்யா. ஆனா தழும்பு தழும்புதான், அது உங்க நல்ல குணத்தைப் பார்த்துக்கிட்டு நிக்காது. இன்னியிலருந்து தினம் ஒரு மாத்திரை, குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கிறேன், ரெண்டு வாரத்துல பார்த்துட்டுத் தேவைப்பட்டாத்தான் கூட்டுவேன். வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்க, கோபத்தை வெச்சு அளக்காதீங்க, ரெண்டு பேரும்தான். அம்மா, உங்களுக்கும் பார்க்கணும். இப்ப இவருக்குக் கட்டினா எகிறித்தான் காட்டும். போய் இன்னொரு அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு வாங்க."

பழைய நாற்காலிகளுக்கே வந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். பால்பாண்டிக்கு முகமெல்லாம் வெட்கம்.

"கத்திட்டேன்" என்றார் தணிந்த குரலில். "பயந்துட்டியா?"

"நானா? இல்லையே. இன்னும் ரெண்டு கத்து கத்த மாட்டீங்களான்னு இருந்துச்சு" என்றாள் சொர்ணம். மனசாரத்தான் சொன்னாள்.

"கையைக் கொடு."

கொடுத்தாள். அவர் அதைத் தன் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. விரல்கள் ஐந்தும், சின்னதாக, விடாமல். பயமில்லை அவளுக்கு, சந்தோஷம்தான் நெஞ்சு முட்ட இருக்கிறது, கை மட்டும் அது பாட்டுக்கு நடுங்குகிறது. இது எப்போது வந்தது, எத்தனை வருஷமாக இருக்கிறது, ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பால்பாண்டி இன்னொரு கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டார். நடுக்கம் நிற்கிறவரைக்கும் எடுக்கவில்லை.